ஆர்வத் தேர்வின் மூன்றெழுத்தை வைத்துப் பிரிவு ஒதுக்கலாமா?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் கணினி அறையில் 38 மாணவர்களையும் ஓ-நெட் என்ற இணையதளத்தின் 60 கேள்வி ஆர்வத் தேர்வை எழுத வைத்தோம். எந்த வேலை பிடிக்கும் என்று கேட்டு, ஆறு வகை வேலைகளுக்கு ஆறு எழுத்துகள் வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பெண் தருகிறது அது. விடைகளை ஆளுக்கொரு தாளிலும் குறித்துக்கொள்ளச் சொன்னோம். அதிக மதிப்பெண் வந்த மூன்று எழுத்துகளை எடுத்து ‘எஸ்.ஏ.இ’, ‘ஐ.ஆர்.சி’ என்று ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். பதினொன்றில் யாருக்கு எந்தப் பிரிவு என்று பெற்றோரிடம் சொல்ல இதை ஆதாரமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அந்த 38 தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளைகள் என்ன விடை குறித்தார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. மூன்றெழுத்தைவிட அது அதிகம் பேசும். பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டியாகப் பதினாறு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் நானும் எழுத்தை மட்டும் பார்த்துப் பெற்றோருக்கு அறிவுரை சொன்னேன். அப்போது சொன்ன சில அறிவுரைகளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

இந்த ஆறு எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர வந்தவர்களைப் பேட்டி கண்டு வேலைக்குப் பிரிக்கும் பணியில் இருந்தார். எத்தனை பேர் வந்தாலும் அவர்களுடைய நாட்டங்கள் சில வகைகளுக்குள் அடங்கிவிடுவதைக் கவனித்தார். 1959-இல் அதைக் கோட்பாடாக எழுதினார். ஆர் என்பது கருவி, இயந்திரம், மண், விலங்கு என்று கைபடச் செய்யும் வேலை. ஐ என்பது ஆராய்ச்சி. ஏ கலை. எஸ் என்பது பிறருக்குக் கற்பிப்பது, உதவுவது. இ என்பது பேசி இணங்கவைப்பது, விற்பது, நிர்வகிப்பது. சி என்பது கணக்கு, கோப்பு, ஒழுங்கு. ஆறையும் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தார்; பக்கத்து முனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், எதிர் முனைகள் விலகி நிற்கும். இன்று இணையத்தில் கிடைக்கும் ஆர்வத் தேர்வுகளில் பல இந்த ஆறின் மேல் கட்டப்பட்டவைதான். ஓ-நெட் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஏற்பாடு. கட்டணம் கிடையாது. நேர்மையாகத் தயாரிக்கப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை.

அது என்ன கேட்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். சமையலறை அலமாரி செய்வது, செங்கல் அல்லது ஓடு பதிப்பது, புதிய மருந்து கண்டுபிடிப்பது, நாடகம் எழுதுவது, ஒருவருக்கு உடற்பயிற்சி கற்றுத்தருவது, பங்குகளை வாங்கி விற்பது, படிவங்களில் பிழை திருத்துவது. இவை பிடிக்குமா, பிடிக்காதா, சொல்லத் தெரியவில்லையா? ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஓர் எழுத்துக்குப் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 40. அவ்வளவுதான் கணக்கு. பிள்ளைக்கு அந்த வேலை வருமா, அதற்கான படிப்பு வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா, அந்த வேலை நம் மாவட்டத்தில் இருக்கிறதா என்ற எதுவும் அந்த எண்ணில் இல்லை. வேலைக்கு எவ்வளவு படிக்க வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும் என்று யோசிக்காமல் விடை தரும்படி அந்தத் தேர்வின் முகப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளோ அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவிக்கு ஆர் எழுத்தில் 40-க்கு 5. எஸ் 31. பட்டியலைப் பார்த்த ஆசிரியர்கள் ‘செவிலியர் அல்லது ஆசிரியர்’ என்று சொல்லிவிட்டார்கள். நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தேன். செங்கல் பதிப்பதற்கு ‘அறவே பிடிக்காது’ என்று குறித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அப்பா கொத்தனார் சார். ராத்திரி முதுகு வலியில தூங்கவே மாட்டாரு” என்றாள். விடுமுறையில் அவரோடு போவாயா என்றேன். போவாளாம். என்ன செய்வாய் என்று கேட்டதும் அவள் முகம் மாறியது. தண்ணீர் நிரப்பிய நீளக் குழாயின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொள்வதையும், மறுமுனையை அப்பா அடுத்த சுவரில் வைப்பதையும், இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டால் வீடு முழுவதற்கும் ஒரே மட்டம் கிடைத்துவிடுவதையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் தப்பிவிடும் என்பதால், கோடு போடுவதற்கு முன் குழாயைத் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. ஒருமுறை அப்பா போட்ட கோடே தவறு என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்குக் கட்டடம் பிடிக்காது என்றா சொல்வீர்கள்? அவள் வெறுத்தது செங்கலை அல்ல, அப்பாவின் முதுகுவலியை. நில அளவை என்று ஒரு தொழில் இருப்பதும், கட்டட வரைபடத்துக்கென்றே படிப்பு இருப்பதும் அன்றுவரை அவள் காதில் விழவில்லை. பிறகு பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தாள். அது தனக்கு முழுக்க ஒத்துவருமா என்று அவளே இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பட்டியலின்படி போயிருந்தால், பார்க்கும் வாய்ப்புகூட அவளுக்கு இருந்திருக்காது.

இதை ஒரு பெண்ணின் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் ஆர் எழுத்துதான் அடிமட்டத்தில் கிடக்கும். அமெரிக்காவில் அலமாரி செய்வது வார இறுதிப் பொழுதுபோக்காகவும் இருக்கலாம். நம் ஊரில் தச்சு, கொத்து, வெல்டிங் எல்லாவற்றின் மேலும் சாதியும் கௌரவமும் வறுமையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்த வேலையைச் செய்யும் வீட்டுப் பிள்ளை அதிலிருந்து தப்பிக்க ‘பிடிக்காது’ என்கிறது. செய்யாத வீட்டுப் பிள்ளை அது தனக்கானதல்ல என்று ‘பிடிக்காது’ என்கிறது. இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான் விழுகிறது. ஆர் குறைந்திருக்கிறது என்பதற்காக ஒரு மாணவரைப் பொறியியலிலிருந்தோ ஐ.டி.ஐ-யிலிருந்தோ விலக்கிவிடாதீர்கள். வீட்டில் மிக்சி பழுதானால் யார் திறந்து பார்ப்பார்கள், சைக்கிள் செயின் கழன்றால் யார் மாட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, ‘சொல்லத் தெரியவில்லை’ என்று குறித்த விடைகளை ஒரு சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது அவற்றில்தான். பங்கு வாங்கி விற்பது என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை நடுப்படியைக் குறித்திருக்கும். அது ஆர்வமின்மை இல்லை, அறிமுகமின்மை. ஆய்வகத்தின் உள்ளே கால் வைக்காத மாணவருக்கு ஆராய்ச்சி பிடிக்குமா என்று எப்படித் தெரியும்? ஒரு தாளில் இருபதுக்கு மேல் நடுப்படி இருந்தால் அந்தத் தாளின் மூன்றெழுத்தை நான் பார்ப்பதே இல்லை. அந்த மாணவருக்கு இப்போது வேண்டியது நான்கு வேலையிடங்களை நேரில் பார்ப்பது. கால்நடை மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, அச்சகம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரிசோதனைக் கூடம் எல்லாம் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கக்கூடியவை.

மூன்றெழுத்தின் வரிசைக்கும் அளவுக்கு மீறி மதிப்புத் தர வேண்டாம். எஸ் 28, ஏ 27, ஐ 26, சி 26 என்று வந்திருக்கும் பிள்ளையை ‘எஸ்.ஏ.ஐ’ என்று எழுதும்போது சி காணாமல் போய்விடுகிறது. ஒரே ஒரு கேள்விக்கு வேறு விடை குறித்திருந்தால் வரிசையே மாறியிருக்கும். இதற்கு மாறாக ஐ 36, அடுத்தது 17 என்று ஒன்று தனித்து ஓங்கி நின்றால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். பட்டியலில் எழுத்துகளுக்குப் பதிலாக ஆறு எண்களையும் எழுதி வையுங்கள்.

தேர்வு நடத்திய விதத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. கணினி அறையில் இரண்டு மூன்று பேர் ஒரு திரையைப் பகிர்ந்துகொண்டார்களா? அப்படியென்றால் முதலில் கையுயர்த்திய பிள்ளையின் விருப்பம் மற்ற இரண்டு பேரின் தாளிலும் இருக்கும். தேர்வு என்ற சொல்லே நம் பிள்ளைகளைக் கெடுத்துவிடுகிறது. “எத்தனை எடுத்தால் பாஸ் மிஸ்?” என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. சரியான விடை ஒன்று இருப்பதாக நினைத்து, ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதைக் குறிக்கிறார்கள். அடுத்த முறை ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்து, நம் ஊர் உதாரணம் ஒன்றும் சொல்லி, தாளில் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

பெண் பிள்ளைகளின் தாளைத் தனிக் கவனத்தோடு படியுங்கள். எட்வர்ட் ஸ்ட்ராங் என்பவர் 1927-இல் வெளியிட்ட ஆர்வ வினாத்தாள் இந்தத் துறையின் முன்னோடி. அதில் ஆண்களுக்கு ஒரு படிவம், பெண்களுக்கு வேறொரு படிவம் என்று வைத்திருந்தார்கள். 1974-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். தாள் ஒன்றானாலும் வளர்ப்பு ஒன்றாகிவிடவில்லை. 2009-இல் வெளியான, ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி அலசிய கட்டுரை ஒன்று, ஆண்கள் பொருள்களோடு செய்யும் வேலையையும் பெண்கள் மனிதர்களோடு செய்யும் வேலையையும் அதிகம் விரும்புவதாக விடை தருகிறார்கள் என்று காட்டியது. அந்த வித்தியாசம் பெரியது. அதில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு பழக்கம் என்பதை ஒரு மதிப்பெண் பிரித்துக் காட்டாது. உங்கள் வகுப்பில் எஸ் என்று வந்த பெண்களை எல்லாம் டீச்சர் டிரெய்னிங், நர்சிங் என்று அனுப்பிவிட்டால், வீடு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதை நாம் கணினியில் அச்செடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பிறகு எதற்கு இந்தத் தேர்வு என்று கேட்பீர்கள். பயன் உண்டு. ஆர்வம் காற்றில் பறக்கும் பஞ்சு இல்லை. 12 வயது முதல் 40 வயது வரை ஆர்வங்கள் எவ்வளவு நிலைத்து நிற்கின்றன என்று பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் பார்த்தார்கள். பதின்பருவத்திலேயே ஓரளவு நிலைத்திருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு உறுதி நன்றாகக் கூடுகிறது. அதாவது உங்கள் மாணவர்கள் இருக்கும் 15 வயதில் அது பாதி வெந்த சோறு. இன்னொரு பக்கம், ஆர்வத்துக்குப் பொருத்தமான வேலையில் இருப்பதற்கும் வேலையில் மனநிறைவு கிடைப்பதற்கும் உள்ள ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) சுமார் 0.19 என்று 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வு சொல்கிறது. தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது. சக ஊழியர், மேலதிகாரி, சம்பளம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் உள்ள தூரம் எல்லாமும் சேர்ந்துதானே மனநிறைவு.

எனக்கு மிகவும் உதவியது வேறோர் ஆய்வு. ஸ்டீவன் பிரவுன், நான்சி ரையன் கிரேன் இருவரும் 2000-இல், தொழில் வழிகாட்டுதலில் எவை உண்மையில் பலன் தருகின்றன என்று அலசினார்கள். ஐந்து விஷயங்கள் தேறின. மாணவர் தன் குறிக்கோளைக் கைப்பட எழுதுவது. முடிவுகளை ஒருவர் அவரோடு தனியாக உட்கார்ந்து விளக்குவது. வேலைகளைப் பற்றிய சரியான தகவல். அந்த வேலையில் இருக்கும் ஒருவரைப் பார்ப்பது. வீட்டிலும் வெளியிலும் துணை நிற்பவர்களைச் சேர்த்துக்கொள்வது. ஆன்லைன் தேர்வு இந்த ஐந்தில் எதையும் தானாகச் செய்வதில்லை. நீங்கள் செய்தால் உண்டு.

இனிப் பிரிவு விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் ‘கல்லூரிக் கனவு’ போன்ற வழிகாட்டு நிகழ்ச்சிகள் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டித்தான் நடக்கின்றன. கதவுகள் சாத்தப்படுவதோ பத்தாம் வகுப்பு முடிவில். ஆகவே பெற்றோரிடம் “உங்கள் பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருத்தம்” என்று சொல்வதைவிட, “இந்தப் பிரிவை எடுத்தால் இந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும்” என்று சொல்வதுதான் நேர்மை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் பிரிவு, பொறியியல், மருத்துவம் இரண்டு பக்கமும் திறந்து வைக்கும். சுமையும் அதற்கேற்பக் கூடுதல். கணிதம் இல்லாத அறிவியல் பிரிவு எடுத்தவர் பின்னால் கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டால் வழி இருக்காது. வணிகவியல் பிரிவில் போனால் பி.எஸ்சி. நர்சிங் கிடையாது. ஆனால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, சி.ஏ. நுழைவு நிலைத் தேர்வு, நிஃப்ட் எனும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்புப் படிப்பு, பட்டம் பெற்றபின் எழுதும் குடிமைப் பணித் தேர்வு ஆகியவற்றுக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். சட்டம் படிக்க வேண்டுமென்றால் இந்தப் பிரிவுதான் எடுக்க வேண்டும் என்று பெற்றோர் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அத்தனை கண்ணீர் வந்திருக்காது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் டிப்ளமா சேர்ந்து, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையும் வழியும் இருக்கிறது. அதைத் தோற்றவர்களின் பாதை என்று பேசுகிறவர்களிடம் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்.

ஆர்வம் வேறு, திறன் வேறு என்பதையும் பெற்றோருக்கு விளக்க வேண்டியிருக்கும். சி.பி.எஸ்.இ., என்.சி.இ.ஆர்.டி. இரண்டும் சேர்ந்து 9, 10 வகுப்புகளுக்கென்று ‘தமன்னா’ என்ற திறனறி தேர்வைத் தயாரித்திருக்கின்றன. மொழி, எண், இடவுணர்வு, இயந்திர அறிவு என ஏழு பகுதிகள் அதில் உண்டு. பாடல் பிடிக்கும் என்பது ஒன்று, சுருதி சேர்வது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பேச்சு தொடங்கும். ஆனால் பதினைந்து வயதில் சுருதி சேரவில்லை என்பதற்காகப் பாட்டை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவு வகையையும் ஏற்ற தொழிலையும் சொல்வதாக டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் பள்ளிகளை அணுகுகிறார்கள். பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கூலி வேலை செய்யும் ஒரு தாய், தவணையில் பணம் கட்டி வாங்கிய வண்ண அறிக்கையை என்னிடம் நீட்டி, “இதுல என் பையன் டாக்டர் ஆக மாட்டான்னு போட்டிருக்காமே” என்று அழுததை நான் மறக்கவில்லை. அப்படி யாராவது உங்கள் பள்ளிக்கு வந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வுகளை வைத்தும் பிரிவு ஒதுக்க வேண்டாம். அவை அந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

38 பேரோடு தனியாகப் பேச நேரம் ஏது என்று கேட்பீர்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். நாளுக்கு இரண்டு பேர் என்றால் நான்கு வாரத்தில் முடியும். மூன்று கேள்வி போதும்: மிகவும் பிடிக்கும் என்று குறித்தவற்றில் ஒன்றைக் காட்டி, “இதை எங்கே பார்த்தாய்?” அறவே பிடிக்காது என்றவற்றில் ஒன்றைக் காட்டி, “இது யார் செய்யும் வேலை?” கடைசியாக, “இந்தத் தாளை வீட்டில் யாரிடம் காட்டுவாய், யாரிடம் காட்ட மாட்டாய்?” மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் உண்மையான தடை வெளியே வரும். பேசி முடித்ததும் அந்தப் பிள்ளையே தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். அதைத் தாளோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அதே தேர்வை மறுபடி எழுத வைத்து, இரண்டையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

முதலில் கூப்பிட வேண்டியவர் அதிக மதிப்பெண் வந்தவர் அல்ல. ஆறு எழுத்திலும் 6, 8, 5, 7 என்று எல்லாமே தாழ்ந்து கிடக்கும் ஒரு தாள் அந்த 38-க்குள் அநேகமாக இருக்கும். அதை ‘ஆர்வமில்லாத மாணவர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அறுபது வேலைகளில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், அநேகமாக அது வேலைகளைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் ஏதோ நடந்திருக்கலாம், படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்திருக்கலாம், இல்லையென்றால் மனம் சோர்ந்திருக்கலாம். அவரிடம் தாளைக் காட்டவே வேண்டாம். நாளைக் காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்குங்கள்.